அந்த வரியை நாங்கள் சொல்லிவிடுகிறோம்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடைக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 37. வீட்டுக்காரர் குவைத்தில் கட்டட வேலை செய்கிறார். மகன் பத்தாவது, மகள் ஆறாவது. எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணி குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறியதில்லை. மாமியார்தான் நடத்துவார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் அவர்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அன்றோடு ஜெபமும் நின்றுபோனது. நான் தனியாக முழங்கால் போட்டால் பத்து நிமிடத்தில் அப்படியே தூங்கிவிடுகிறேன். போன தையில் அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து, தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. "குடும்பப் பலிபீடம் இடிஞ்சு கிடக்கு, அதான் ஒண்ணுபோனா ஒண்ணு வருது. தினம் ஒரு மணி நேரமாவது ஜெபம் பண்ணு, கட்டு அவிழும்" என்று சபையில் ஒரு மூத்த சகோதரி சொன்னார்கள். மகனோ, "அப்பாயி அம்பது வருஷமா ஜெபம் பண்ணினாங்க. அவங்களுக்கே இப்படின்னா அப்புறம் எதுக்கு ஜெபம்?" என்கிறான். இது தண்டனையா? தூங்கிப்போவது பாவமா? அவனுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே தந்திருப்பது அதன் சுருக்கம். அந்த நான்கு பக்கத்தில் எனக்கு உறைத்தது ஜெபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகள் அல்ல. நாலரைக்கு எழுந்து சாணி அள்ளுவது, பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது, அத்தையைத் துடைத்துச் சேலை மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, நடுவில் வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா என்று பார்க்க வயலுக்கு ஓடுவது. இதையெல்லாம் யாரோ பக்கத்து வீட்டுக்காரி செய்கிற மாதிரி எழுதிக்கொண்டே போகிறீர்கள். கடைசியில், "நான் ஜெபக்குறைவுள்ளவள் ஐயா" என்று ஒரு வரி. நான்கு பக்கத்திலும் நீங்கள் குற்றம் சொன்ன ஆள் ஒருத்திதான்.

அந்த மூத்த சகோதரி சொன்னதை முதலில் வாசலுக்கு வெளியே வைத்துவிடுவோம். அது உள்ளே இருக்கும்வரை வேறெதையும் பேச முடியாது. நீங்களே எழுதியிருப்பதைத் திரும்பப் படியுங்கள். பக்கவாதம் வந்தது, அதன்பிறகு ஜெபம் நின்றது. முன்னால் வந்ததற்குப் பின்னால் நடந்தது எப்படிக் காரணமாகும்? மழையும் அப்படித்தான். உங்கள் வயலில் பெய்த அதே மழை பக்கத்து வயலிலும் பெய்தது, எதிர்க்கரையிலும் பெய்தது. ஜெபிக்கிற வீட்டு வயல் எது, ஜெபிக்காத வீட்டு வயல் எது என்று வரப்பைப் பார்த்து அது பெய்யவில்லை. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யும் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 5:45). நன்மையான மழையைப் பற்றிச் சொன்னதுதான் அது. ஆனால் தை மாதத்து மழைக்கு மட்டும் வேறு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும் ஊரார் இதையேதான் பேசியிருக்கிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று அவர் வெட்டிப் பேசினார் (லூக்கா 13:4, 5).

அந்தச் சகோதரிமேல் கோபப்பட வேண்டாம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுத் துன்பத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் காரணத்தை நம் வீட்டில் சரிசெய்துகொண்டு நிம்மதியாகப் படுக்கலாம் அல்லவா? நாற்பது வருட ஊழியத்தில் நானும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன், வெட்கத்தோடுதான் ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் செய்ததில் உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. வந்தவுடன் ஏழு நாள் வாய் திறக்காமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பேச ஆரம்பித்தார்கள், கெட்டது.

அடுத்து, "ஒரு மணி நேரம்". இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆண்டவர் பிடிபட்ட இரவின் கெத்செமனே தோட்டத்திலிருந்து. "ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா" என்று, கூட்டிப்போன மூன்று சீஷர்களைக் கேட்ட இடம் (மத்தேயு 26:40). முழு இரவு ஜெபங்களில் இந்த ஒரு வரியை மட்டும் உருவி எடுத்து மூட்டை தூக்குகிற ஆளின் தலையில் இன்னொரு மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றிவிடுகிறோம். அதற்கு அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும்: ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது. அன்றைக்குத் தூங்கிவிட்ட அதே மூன்று பேரை அவர் தள்ளிவிடவில்லை. மூன்று தரம் வந்து பார்த்தார், மூன்று தரமும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம்தான் பிறகு தம் ஆடுகளை மேய்க்கச் சொல்லி ஒப்படைத்தார்.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். அதற்குப் பதிலாக வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை, இன்னும் ஊக்கமாய் ஜெபி என்றும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மலையும் மெல்லிய சத்தமும் எல்லாம் அப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). பதினெட்டு மணி நேரம் வேலை செய்த உடம்பு முழங்காலில் தூங்குவது பாவம் அல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு முழங்கால் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். படுத்துக்கொண்டே, "ஆண்டவரே, இன்னைக்கு இவ்வளவுதான் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். அந்த வாக்கியத்தில் குறை எதுவும் இல்லை.

உங்களைப்போலவே, எப்படி ஜெபிப்பது என்று கேட்ட ஒருவர் இருந்தார். ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் முடிதிருத்துகிறவர், பெயர் பேதுரு. திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் நண்பர். அவருக்காகவே லூத்தர் 1535-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். காலையில் முதல் வேலையாகவும் ராத்திரியில் கடைசி வேலையாகவும் ஜெபத்தை வைத்துக்கொள் என்றார். "இதை முடிச்சிட்டு அப்புறம் ஜெபிக்கிறேன்" என்கிற நினைப்பு வந்தால் ஜாக்கிரதை, அந்த அப்புறம் வராது என்றார். ஜெபத்தில் மனம் நிற்க வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் அந்த மனிதரின் தொழிலேதான்: கத்தியை வைத்துக்கொண்டு வாயும் மனமும் வேறெங்கோ போனால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கோ வாயோ போய்விடும். அந்த உதாரணத்தில் நீட்டு நேரம் என்ற பேச்சே இல்லை. கத்தி தோலில் இருக்கிற அந்தச் சில நிமிடம் கவனம் இருந்தால் போதும்.

சரி, ஜெபம் நின்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று இந்த ஐயர் சொல்கிறார் என எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் ஒன்று போயிருக்கிறது. அது பயிர்க் காப்பீடு மாதிரி ஒரு பாதுகாப்பு அல்ல, வேறு ஒன்று. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், அத்தை ஜெபிக்கும்போது ஒவ்வொருவர் பேரையும் சொல்லிச் சொல்லி ஜெபிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகனுக்குக் கணக்குப் பாடம், மகளுக்குச் சளி, வீட்டுக்காரருக்கு குவைத்து வெயில், கன்று போடப்போகிற மாடு, கடன் கொடுத்தவர் வாயில் நல்ல வார்த்தை. தினம் பதினைந்து நிமிடம், அந்த வீட்டில் யாருக்கு என்ன கவலை என்பதை எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து காதால் கேட்டார்கள். இந்த ஒன்றரை வருடமாக அது இல்லை. மகன் என்ன நினைக்கிறான் என்பது அவன் கோபமாகக் கேட்ட கேள்வியில்தானே உங்களுக்குத் தெரிந்தது? அத்தைக்கு என்ன பயம் என்பது யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது முகம் தெரியாத எனக்குத் தபாலில் வந்திருக்கிறது. நின்றுபோன ஜெபத்தில் நான் வருந்துவது இதற்குத்தான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பிரசங்கத்தில் இதைச் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது நாகைக் கடற்கரையை ஒட்டிய ஒரு சபையில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலை நடந்ததை டெல்டாவில் யாருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அடுத்த நாட்களில் நான் அடக்க ஆராதனை நடத்தவில்லை. நடத்துவதற்கு நேரமும் இல்லை, சில குழிகளில் பேரும் இல்லை. மண்ணைப் போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போனேன்.

அதற்கடுத்த ஞாயிறு ஆலயத்தில் நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினேன். "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. அழுகை அல்ல, வாய் வரவில்லை. சபையார் அந்த வரியைச் சொல்லி முடித்தார்கள், நான் அடுத்த வரியில் சேர்ந்துகொண்டேன். மறு வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். பொங்கல் போய், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தும், சபையின் குருவானவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலயத்தில் மணி அடிக்கும் பெரியவர் ஒருநாள் சாவியைக் கொடுக்க வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "ஐயா, அந்த வரி வந்தா நீங்க நின்னுடுறீங்க. பரவாயில்ல. அந்த வரிய நாங்க சொல்லிடுறோம். நீங்க அடுத்த வரிக்கு வந்து சேந்துக்குங்க."

அவர் அந்த அலையில் பேத்தியைக் கொடுத்தவர்.

அடுத்த வரி என்ன? "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற ஊரில் அந்த வரியைச் சொல்ல எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. பழைய வரி எப்போது திரும்பி வந்தது என்றால், தேதி சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு ஞாயிறு, பாதி வரி போனபிறகுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

தமிழில் அந்த ஜெபம் "எங்கள் பிதாவே" என்று இருப்பதை என்றாவது யோசித்திருக்கிறீர்களா? "நம்" அல்ல, "எங்கள்". நம் என்றால் கேட்பவரும் அதில் சேர்ந்துவிடுவார். எங்கள் என்றால், இந்தப் பக்கம் நாங்கள் இத்தனை பேர், அந்தப் பக்கம் நீர். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இந்த நுணுக்கத்துக்கு வழியே இல்லை. தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஒருத்தியாகச் சொன்னாலும் அது "எங்கள்" ஜெபம்தான். நடவில் பார்த்திருப்பீர்கள் (நடவு இயந்திரம் வந்தபிறகு அதுவும் குறைந்துவிட்டது): ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவளுக்கு மூச்சு வாங்கினால் பக்கத்தில் நிற்பவள் எடுப்பாள். பாட்டு நிற்காது, நாற்று முடியும்வரை. உங்கள் வீட்டில் பல வருடம் அத்தை எடுத்துக் கொடுத்தார்கள், நீங்கள் எல்லாரும் பின்பாட்டு. இப்போது அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது.

அத்தையைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கட்டி எடுக்கிற பகுதி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதும் அந்த இடது பாதிதான். அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் இரண்டும் அடிபடும். ஆனால் சொல்ல நினைத்ததைப் புதிதாகச் சொல்லாக்குவது வேறு, ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனது வேறு. பாட்டு, எண்ணிக்கை, கிழமைகளின் பெயர், மனப்பாட ஜெபம் ஆகியவை, பேச்சு போன பிறகும் பலருக்கு எஞ்சியிருக்கின்றன. அதோடு, பேச முடியாதவருக்குப் புரியவில்லை என்றும் அர்த்தம் இல்லை.

தஞ்சாவூரில் மருத்துவமனை ஊழியத்தில் இருந்தபோது இதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பெரியவர், மனைவி பேரைக் கேட்டால் "அது... அது..." என்பதற்குமேல் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவார். கட்டிலருகே நின்று நான் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று மெதுவாக எடுத்தேன். முதலில் உதடு மட்டும் அசைந்தது. "உம்முடைய ராஜ்யம்" என்ற இடத்தில் குரல் வந்துவிட்டது. கரகரப்பாக, ஆனால் ஒரு எழுத்து பிசகாமல், ஆமென் வரைக்கும். அந்த அம்மா, "பேசிட்டாரு, பேசிட்டாரு" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார்கள். அடுத்த நிமிடம் தண்ணீர் கேட்க அவருக்குச் சொல் வரவில்லை, மறுபடியும் சொம்பைத்தான் காட்டினார். இதை அற்புதச் சாட்சியாக மேடையில் ஏற்றவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று தள்ளவும் வேண்டாம். அவர் ஒரு நிமிடம் தன் வாயால் தன் ஜெபத்தைச் சொன்னார், அவ்வளவு.

உங்கள் அத்தைக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மூளையில் அடி எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. ஆனால் முயன்று பார்க்கச் செலவு கிடையாது. அவர்களுக்குப் பிடித்த கீர்த்தனை எது என்பது உங்களுக்குத் தெரியும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கட்டிவைத்த கீர்த்தனைகள் நம் பக்கத்துப் பாட்டிமார்களுக்குப் புத்தகம் பார்த்து வந்தவை அல்ல, அடுப்படியிலிருந்தே வந்தவை. அவர்களுக்கு நேரே, முகம் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். டிவியை நிறுத்துங்கள். தாளத்தை அவர்கள் இடது கையில் மெதுவாகத் தட்டிக் கொடுத்து, வழக்கத்தைவிட நிதானமாகப் பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லை நீங்கள் சொல்லாமல் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே முடித்துவிடாதீர்கள். அந்தக் காத்திருப்புதான் கஷ்டமான வேலை. வராவிட்டால் சிரித்துக்கொண்டே நீங்கள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். "சொல்லுங்கத்தை, சொல்லுங்க" என்று பரீட்சை வைத்தால் அவர்கள் அழுவார்கள்.

இதோடு பேச்சுப் பயிற்சியையும் கேட்டுப் பாருங்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைப் பற்றி விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பேர் கொடுத்தீர்களா? கொடுத்திராவிட்டால் இந்த வாரமே கொடுங்கள். ஜெபிக்கிற வீட்டில் பிசியோதெரபிஸ்ட் வந்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான் என்று சொல்லுங்கள்.

குடும்ப ஜெபத்தை எப்படி மறுபடி தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மாதிரி தொடங்காதீர்கள். அத்தை நடத்திய ஜெபத்தை அப்படியே நீங்கள் நடத்தப் பார்த்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும், அந்தக் குற்ற உணர்ச்சியும் பழையதோடு சேரும். ராத்திரி ஒன்பது நமக்கென்றால் குவைத்தில் மாலை ஆறரை. வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போடுங்கள். எப்படியும் பேசுவீர்கள், அந்த அழைப்பின் கடைசி ஏழெட்டு நிமிடம் போதும். அத்தை கட்டிலைச் சுற்றி உட்காருங்கள், அவர்களைத் தனியே விட்டுவிட்டுக் கூடத்தில் அல்ல. மகள் ஒரு சங்கீதத்தில் நான்கு வசனம் வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு வாக்கியம், இன்று எது கனத்தது, எது நல்லது. வீட்டுக்காரரும் சொல்லட்டும். அங்கே அவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் கேட்பார்கள். அதன்பின் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம். தூக்கம் வந்தால் யாராவது ஒருவர் சொல்லட்டும். உங்களுக்கு வாய் வராத நாளில் மகள் சொல்வாள், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, அன்று ஆலயத்தில் சொல்லியாயிற்று.

காலையில் உங்களுக்கென்று ஒன்று வேண்டுமென்றால், பால் கறக்கிற நேரம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு வேலை இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது, யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆண்டவரும் இருட்டோடே எழுந்து தனியே போனார் என்று மாற்கு எழுதுகிறார். ஊர் தேடிக்கொண்டு வந்துவிட்டது என்றும் அடுத்த வரியிலேயே எழுதுகிறார். உங்கள் மாடு அவ்வளவு தொந்தரவு தராது.

என்ன கேட்பது என்பதில் உங்களுக்கு ஒரு தயக்கம் தெரிகிறது. "நெல்லுக்காக ஜெபிப்பது உலகக் காரியம் இல்லையா ஐயா" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. நம் தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்தவற்றில் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலும் ஒன்று. சபையில் முழு உறுப்பினராகிற திடப்படுத்தலுக்கு நாமெல்லாம் அதை உருப்போட்டிருக்கிறோம், பொருளை மறந்துவிட்டோம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் நாலாம் விண்ணப்பத்தில் "ஆகாரம்" என்றால் என்ன என்பதற்கு அதில் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது: சோறு, துணி, வீடு, வயல், மாடு, நல்ல சீதோஷணம், நல்ல அரசாங்கம், நல்ல அயலார். அப்படியானால், ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க அணையில் தண்ணீர் இருக்க வேண்டும், அது கடைமடை வரைக்கும் வர வேண்டும், முறை வைக்கிற நாளில் மேல்மடைக்காரர் மனசாட்சியோடு மடையை அடைக்க வேண்டும், அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் கொட்டிய நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் காட்டாதபடி இரண்டு நாள் வெயில் வேண்டும், இதெல்லாம் நாலாம் விண்ணப்பம்தான். சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்று பத்து நாள் குவியலுக்குக் காவல் கிடந்த ஆள் அதை எவ்வளவு விரிவாக வேண்டுமானாலும் ஜெபிக்கலாம்.

கேட்டதெல்லாம் கிடைக்குமா? இங்கேதான் உங்கள் மகன் நிற்கிறான். அவனுக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிடாதீர்கள். "கர்த்தர் இதைவிட நல்லதை வைத்திருப்பார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அது பேச்சை முடிக்கும் தந்திரமாகத்தான் கேட்கும், அவன் நினைப்பதும் சரிதான். அவன் கேட்டதை அவனுக்கு முன்பே கேட்டவர்கள் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று காட்டுங்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தைத் திறந்து அவன் கையில் கொடுங்கள். மொத்தமே ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இன்னும் மோசம், இருளிலேயே முடிகிறது, விடியலே இல்லை. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை, ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்று பதில் வந்தது. போதும் என்றதே தவிர, முள் நல்லது என்று சொல்லவில்லை.

அப்பாயி அம்பது வருடம் எதற்காக ஜெபித்தார்கள் என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்குப் பக்கவாதம் வரக்கூடாது என்றா? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஜெபத்தில் அவர்கள் பேரே வரவில்லை. அவன் கணக்குப் பாடம் வந்தது, அவன் தங்கை சளி வந்தது, மாடுகூட வந்தது. அப்பாயிக்காக அந்த வீட்டில் யார் சொன்னார்கள்? அவன் ஜெபிக்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். போனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்பா முகம் அப்பாயிக்குத் தெரிகிற மாதிரி. அவன் நல்ல குரல்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கீர்த்தனையை அவன் எடுத்துக் கொடுக்கட்டும். நம்பி எடுக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, ராகம் பிசகாமல் எடுத்தால் போதும். பாதி வரியில் நிறுத்தி, அப்பாயி வாயைப் பார்த்துக் காத்திருக்க அவனுக்கு உங்களைவிடப் பொறுமை இருக்கலாம். இந்த வயதுப் பிள்ளைகள் சில விஷயங்களில் அப்படித்தான்.

இன்னொன்று. ராத்திரியில் படுத்தும் தூக்கம் வராமல் அழுகையே வருகிற நாட்கள் இருப்பதாக எழுதி, அதை அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. அது இரண்டு வாரத்துக்குமேல் நீண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் வாரத்துக்கு இரண்டு மதியம் யாராவது வந்து அத்தை பக்கத்தில் இருக்க முடியுமா என்று உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால் சொல்லுங்கள், நானே அவருக்கு எழுதுகிறேன். அந்த மூத்த சகோதரி வந்தாலும் நல்லதுதான். இரண்டு மணிக்கொரு தரம் அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்க உதவினால், பலிபீடத்தைப் பற்றிப் பேசத் தோன்றாது.

இந்த முறை நான்கு பக்கம் எழுத வேண்டாம். ஒரு தபால் அட்டை போதும். அத்தை எந்தச் சொல்லில் சேர்ந்துகொண்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். சேரவில்லை என்றால், எந்தச் சொல்லில் நிறுத்திக் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு நானும் என் வீட்டம்மாவும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஐயர்